தும்பிக்கை வைத்த எழுத்துகள்

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய பல்பொடி டப்பா இருக்கிறது. அதற்குள் ஒரே ஓர் ஈய எழுத்து: 12 பாயிண்ட் ‘லை’. இன்று எல்லோரும் எழுதுகிற ‘லை’ அல்ல. முன்னால் சங்கிலிக் கொம்பு இல்லாமல், லகரத்தின் தலையிலேயே தும்பிக்கை போல ஒரு வளைவு ஏறி நிற்கும் பழைய ‘லை’.

1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது. பெரியார் 1935 முதல் ‘குடிஅரசு’ இதழில் அச்சிட்டுவந்த வடிவங்களை அரசு அப்போதுதான் ஏற்றுக்கொண்டது. நான் கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் அச்சுக்கோக்கப் பழகி ஒரு வருடம் ஆகியிருந்தது. வயது பதினாறு. அடுத்த பொங்கல் கழிந்து ஒரு நாள், எழுத்துக்கு ஓர் அறையாகத் தடுத்த தட்டுகளான கேஸ்களில் உள்ள பழைய வடிவங்களையெல்லாம் பொறுக்கி எடுத்துவிடும்படி முதலாளி சொன்னார். ணை, லை, ளை, னை நான்கும், ணா, றா, னா மூன்றும், அவற்றின் ஒகர ஓகார வடிவங்களுமாக மொத்தம் 13 எழுத்துகள். எந்த எழுத்து எந்த அறையில் கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்க நான் ஒரு வருடம் பாடுபட்டிருந்தேன். அந்த அறைகளை நானே காலி செய்தேன். அள்ளிக் கொட்டியவற்றில் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அதுதான் இந்த ‘லை’.

இதை எழுதக் காரணம், போன தை மாதம் தரங்கம்பாடியில் நான் நடந்த ஒரு நடை.

திருக்கடையூரில் உறவினர் ஒருவருக்கு மணிவிழா. திருக்கடையூர் என்றாலே எனக்கு மணிவிழா அழைப்பிதழ்தான் நினைவுக்கு வரும். ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கும் அந்த வாசகத்தை, எழுத்துகளை வரியாக அடுக்கும் ஸ்டிக்கில் எத்தனை முறை கோத்திருப்பேன் என்று கணக்கே இல்லை. விடியற்காலையில் ஹோமம் முடிந்து, கலசாபிஷேகம் முடிந்து, பத்து மணிக்கெல்லாம் பந்தியும் முடிந்துவிட்டது. மற்றவர்கள் வேனில் ஊர் திரும்பினார்கள். நான் பொறையாறு போகும் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். சாலையின் ஒரு பாதியில் சம்பா நெல் காய்ந்துகொண்டிருந்தது. அறுத்த வயல்களில் தாளுக்கு நடுவே உளுந்து முளைத்துப் பச்சை பிடித்திருந்தது. டெல்டாவில் பிறந்தவனுக்கு அந்தப் பச்சையைப் பார்த்தால் மனம் நிறைந்துவிடும். நெல்லை அறுக்கும் முன்பே ஈரத்தில் விதைத்துவிட்ட உளுந்து அது.

தரங்கம்பாடிக்கு இதற்கு முன்பு இரண்டு முறை போயிருக்கிறேன். ஒரு முறை பிள்ளைகளுடன் கடல் பார்க்க. இன்னொரு முறை 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு, கும்பகோணத்திலிருந்து அரிசியும் துணியும் ஏற்றி வந்த லாரியில். அந்தப் பயணத்தைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு முறையும் தேவாலயங்களுக்குள் நான் நுழையவில்லை. இந்த முறை அவற்றுக்காகவே போனேன்.

ஊருக்குள் நுழைய ஒரு வெள்ளை வளைவு வாசல் இருக்கிறது. இன்றுள்ள வடிவில் 1792இல் கட்டியது. அதைக் கடந்தால் ராஜ வீதி நேராகக் கடலை நோக்கி ஓடுகிறது. நம் ஊர்த் தெருக்கள் கோயிலைச் சுற்றி வரும். இந்தத் தெரு அளவுகோல் வைத்துக் கோடு கிழித்தது போலக் கிடக்கிறது. வளைவுக்குள் கால் வைத்ததுமே பஸ் சத்தம் அடங்கி, அலைச் சத்தம் மட்டும் கேட்கிறது.

டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன் காலத்தில், 1620இல், ஓவே யெட்டே என்ற கடற்படைத் தலைவர் இங்கே வந்தார். தஞ்சாவூர் ரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டு டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டத் தொடங்கினார். அந்த ஆண்டு நாயக்கர் டென்மார்க் அரசருக்கு எழுதிய கடிதம் இன்னும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. பனையோலை வடிவில் வெட்டிய தங்கத் தகடு. அதில் தமிழ் எழுத்து. தமிழ் தங்கத்தில் ஏறி அங்கே போனது. தொண்ணூறு சொச்ச ஆண்டு கழித்து ஈயத்தில் ஏறி இங்கே திரும்பி வந்தது. என் தொழில் அந்த ஈயத்தில் பிறந்தது என்பதால் தங்கத்தைவிட ஈயத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 1845இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள்.

கோட்டையை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. கரையோரமாக மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போய் ஒரு கும்பிடு போட்டேன். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். அன்றைக்கு இந்த ஊரின் பெயர் சடங்கன்பாடி என்ற குலசேகரன்பட்டினம். கடல் தின்றது போக மிஞ்சியதைத்தான் நாம் இன்று பார்க்கிறோம். கல்லைக் கொட்டிக் கடலைத் தடுத்திருக்கிறார்கள்.

சீயோன் தேவாலயம் 1701இல் கட்டியது. டேனிஷ் கும்பினி அதிகாரிகளும் சிப்பாய்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவதற்காக எழுப்பியது. இப்போது தென்னிந்தியத் திருச்சபையின் பொறுப்பில் இருக்கிறது. உள்ளே போனபோது நடு வெயில் நேரம். கனத்த சுவர்களின் குளிர்ச்சி உடம்பில் பட்டது. சுண்ணாம்பும் பழைய மரமும் கலந்த ஒரு வாசனை; எங்கள் அச்சகத்துக் காகிதக் கிடங்கில் வருமே, கிட்டத்தட்ட அதே வாசனை. சுவரில் நினைவுக் கற்கள். அயல்மொழிப் பெயர்கள். அவற்றில் பல இளம் வயதில் இறந்தவர்களுடையவை. பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் கழித்துப் பார்த்தபடியே சுற்றி வந்தேன். சில இடங்களில் கழிப்பதற்கே எண் மிஞ்சவில்லை, குழந்தைகள். ஆறேழு மாதம் கடலில் கிடந்து இங்கே வந்து சேர்ந்து, இந்த வெயிலில் பிள்ளையைப் பெற்று, பெற்ற பிள்ளையைப் புதைத்துவிட்டு நின்ற தாய்மார்களை நினைத்துக்கொண்டேன். வியாபாரம் யாருடையதாக இருந்தாலும் அந்த அழுகை ஒன்றுதான்.

அதே தெருவில் சில நிமிட நடையில் புதிய எருசலேம் தேவாலயம்.

1706 ஜூலை 9ஆம் தேதி சீகன்பால்கும் புளூட்சாவும் இந்தக் கரையில் வந்து இறங்கினார்கள். லுத்தரன் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவின் மதபோதகர்கள். ஜெர்மானியர்கள், ஆனால் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பியவர்கள். மறு ஆண்டே தமிழ்ச் சபைக்கென்று எருசலேம் என்ற பெயரில் ஒரு சிறு ஆலயம் எழுப்பினார்கள். கடல் அதைச் சிதைத்தது. பிறகு 1717இல் அடிக்கல் போட்டு 1718 அக்டோபரில் பிரதிஷ்டை செய்ததுதான் இன்று நிற்கும் புதிய எருசலேம். மேலிருந்து பார்த்தால் சிலுவை வடிவம். முகப்பில் ஒரு கிரீடம், அதன் கீழே அரசரின் முத்திரை, 1718 என்ற ஆண்டு. அந்த முத்திரையின் கீழே நான் வெகுநேரம் நின்றேன். ‘எஃப்’ என்ற எழுத்தும் 4 என்ற எண்ணும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஒரே உருவமாகியிருக்கின்றன. இரண்டு எழுத்துகளை இடம் மிச்சப்படுத்தி ஒரே அச்சாக வார்ப்பது எங்கள் தொழிலிலும் உண்டு. தும்பிக்கை வைத்த ‘லை’யும் அப்படி ஒன்றுதானே. லகரமும் ஐகாரமும் ஒரே ஈயத் துண்டில்.

உள்ளே ஓர் அம்மாள் பெருக்கிக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்த என்னைப் பார்த்து, “உட்காருங்கள் ஐயா, மின்விசிறி போடுகிறேன்” என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எந்த ஊர், என்ன மதம், எதற்கு வந்தீர்கள், எதுவுமே. ஒரு வழிபாட்டு இடத்தில் புதிதாக நுழைபவனுக்கு இதைவிட வேறு என்ன மரியாதை வேண்டும்?

சுவரில் ஒரு மரப்பலகை. அன்றன்றைய ஆராதனைக்குரிய பாட்டு எண்களைச் செருகி வைப்பதற்கு. போன ஞாயிற்றுக்கிழமை பாடிய எண்கள் இன்னும் அதில் இருந்தன. தனித்தனி எண் அட்டைகள், செருகுவதற்குத் தவாளிப்பு, தேவை முடிந்தால் உருவிப் பெட்டியில் போட்டுவிடலாம். அச்சுக்கோத்தவன் கண்ணுக்கு அது ஒரு கம்போஸிங் ஸ்டிக். கோத்து, அச்சடித்து, எழுத்தைப் பிரித்து மறுபடி கேஸில் போடுகிற அதே வேலை. என் கை தானாகவே நீண்டது. தொடாமல் இழுத்துக்கொண்டேன்.

பீடத்தின் அருகே சீகன்பால்கை அடக்கம் செய்திருக்கிறார்கள். 1719 பிப்ரவரி 23இல் இறந்தார். 37 வயதுகூட நிறையவில்லை. ஆலயம் கட்டி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அவருடன் பணியாற்றிய குரூண்ட்லரும் அடுத்த ஆண்டே இறந்து அங்கேயே அடங்கியிருக்கிறார்.

தமிழ் அச்சைப் பற்றிப் பேசும்போது சிலர் இங்கிருந்தே தொடங்குகிறார்கள். அது சரியல்ல. இதற்கு 130 ஆண்டுகளுக்கு மேல் முன்பே, 1578இல், கொல்லத்தில் போர்த்துகீசியப் பாதிரியார்கள் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டுவிட்டார்கள். ஆனால் அந்த வழி இடையில் தூர்ந்துபோயிற்று. வாய்க்கால் தூர்ந்தால் மறுபடி வெட்டுகிறவன் புதிதாக வெட்டுகிறவனைவிட எந்த வகையிலும் குறைந்தவன் அல்லன் என்பது டெல்டாக்காரனுக்குத் தெரியும்.

அந்த வாய்க்காலை வெட்டிய கதையில் என் மனத்தை விட்டு அகலாத ஒரு மனிதர் இருக்கிறார். சீகன்பால்க் அல்லர். பெயர் யோனாஸ் ஃபின்க். 1711இல் லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் தரங்கம்பாடிக்கு ஓர் அச்சு இயந்திரத்தைக் கப்பலில் அனுப்பியது. கூடவே அதை ஓட்டுவதற்கு ஃபின்க்கை அனுப்பியது. வழியில், பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில், கப்பல் பிரெஞ்சுக்காரர்கள் கையில் சிக்கியது. அதிலிருந்து மீண்டு புறப்பட்ட பிறகு, நன்னம்பிக்கை முனைப் பக்கம் வரும்போது ஃபின்க் நோயில் இறந்துவிட்டார். இயந்திரம் மட்டும் 1712இல் இங்கே வந்து இறங்கியது. ஓட்டுவதற்கு ஆள் இல்லை. கும்பினிப் படையில் இருந்த ஒரு ஜெர்மானியச் சிப்பாய்க்கு அச்சு வேலை தெரிந்திருந்ததால் அவரைக் கொண்டு வேலை தொடங்கியது.

ஃபின்க்குக்கு இங்கே கல்லறை இல்லை. கடலில் போன உடம்பு. அவர் எந்தத் தமிழ் எழுத்தையும் பார்த்ததில்லை. ஆனால் ஒரு தொழிலாளியாக, தன் இயந்திரம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள் அந்தப் பக்கம் நகர்ந்ததும், அவருக்காக ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றேன்.

வந்த எழுத்துகள் ரோமன் எழுத்துகள். தமிழ் எழுத்துகளை ஜெர்மனியின் ஹாலே நகரில் வெட்டி வார்த்தார்கள். தரங்கம்பாடியிலிருந்து போன மாதிரிகளைப் பார்த்து, தமிழே தெரியாத கைகள் வெட்டின. 1713இல் அவை வந்தன. அளவில் மிகப் பெரியவை. பெரிய எழுத்தில் கோத்தால் பக்கம் பெருகும், கப்பலில் வரும் காகிதம் போதாது. அதனால் ஹாலேயிலிருந்து வந்த அச்சுத் தொழிலாளி ஆட்லர் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார். அதற்கு ஈயம் எங்கிருந்து வந்தது தெரியுமா? இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியைப் பொதிந்திருந்த ஈயத் தகடுகளை உருக்கினார்கள் என்று சொல்கிறார்கள். காகிதத்துக்கும் வழி தேடி, பொறையாற்றுப் பக்கம் ஒரு பட்டறை வைத்தார்கள். கடுதாசிப்பட்டறை என்ற பெயரில் அந்த இடம் இன்னும் வழங்குகிறது. 1708இல் மொழிபெயர்க்கத் தொடங்கி 1711இல் முடித்த புதிய ஏற்பாடு, 1715இல் இங்கே முழுமையாக வெளிவந்தது.

1996இல் எங்கள் அச்சகத்தில் ஈய எழுத்தைக் கொண்டு அச்சடிக்கும் ட்ரெடில் இயந்திரத்தை நிறுத்தி கணினி வந்தபோது, கேஸ்களில் இருந்த எழுத்துகளை எல்லாம் சாக்கில் கட்டி எடைக்குப் போட்டார்கள். தராசில் சாக்கு ஏறி இறங்கியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை வாங்கிப்போனவர் உருக்கி வேறு எதையோ செய்திருப்பார். பாலாடைக்கட்டித் தகடு எழுத்தானது. எழுத்து மறுபடி தகடானது. அன்று எனக்கு நெஞ்சு அடைத்தது. அந்த ஆலயத்தில் உட்கார்ந்திருந்தபோது அந்த அடைப்பு கொஞ்சம் இளகியது. ஈயம் போனால் என்ன? அந்த வரிவடிவத்தைத்தானே இந்தக் கணினியிலும் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

வரிவடிவம் அப்படியே வந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சீகன்பால்க் இங்கே திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரல் வைத்து எழுதிப் பழகிய தமிழில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் கிடையாது. ஓலையில் புள்ளி வைத்தால் கிழியும் என்று வைக்காமல் விட்ட வழக்கம். குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. ரகரமும் துணைக்காலும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். படிக்கிறவன் பொருளை வைத்தே பிரித்துக்கொள்ள வேண்டும். கொஞ்ச காலம் கழித்து, கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர் எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வேறுபடுத்திக் காட்டும் வழியைக் கொடுத்தார். இவர் கத்தோலிக்கர், தரங்கம்பாடிக்காரர்கள் லுத்தரன்கள். இரண்டு பக்கமும் ஏட்டிலும் அச்சிலும் கடுமையாக மோதிக்கொண்டவர்கள். சண்டை போட்ட இரண்டு வீட்டாரின் சீதனமும் இன்று ஒரே பெட்டியில் கிடக்கிறது. நாம் எழுதும் ஒவ்வொரு ‘ஏ’யும் அந்தப் பெட்டியிலிருந்து எடுத்ததுதான்.

இன்னொன்றையும் மறைக்க எனக்கு மனமில்லை. 1707இல் இங்கே முதலில் ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் டேனிஷ் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். வேதம் சொன்ன வீட்டிலேயே அடிமையும் இருந்தார்கள். பிற்பாடு இந்த மிஷன் ஆலயங்களில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்த காலமும் இருந்தது. 1733இல் ஆரோன் என்ற தமிழர் இங்கே போதகராக அபிஷேகம் பெற்றார். லுத்தரன் சபையில் அப்படி அபிஷேகம் பெற்ற முதல் இந்தியர் அவர். இவையெல்லாம் ஒரே கூரையின் கீழ் நடந்தவை. பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டு வந்தால், அது, பிழை திருத்த எடுக்கும் புரூஃபைப் பார்க்காமல் அச்சுக்கு ஏற்றுவது போல.

மூன்று மணி ஆயிற்று. அம்மாளிடம் சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஊருக்குள் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு சிறு கல்லறைத் தோட்டம் கண்ணில் பட்டது. எந்தச் சபையுடையது, எந்தத் தெரு என்று வேண்டுமென்றே எழுதவில்லை. அங்கே உறங்குகிறவர்களின் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. உள்ளே ஒருவர் சருகு வாரிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். பக்கத்தில் பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு சிறுமி, கல்லறை ஒன்றின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவருடைய பேத்தி. ஆறாம் வகுப்பு.

“தமிழ் எழுத்து உள்ள கல் ஏதாவது இருக்கிறதா தம்பி?” என்றேன்.

“நிறைய இருக்கின்றன ஐயா. யாரைத் தேடுகிறீர்கள்?”

“யாரையும் இல்லை. எழுத்தைத்தான்.”

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு சருகுக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, வேலியோரம் இருந்த ஒரு கல்லுக்குக் கூட்டிப்போனார். கருங்கல் பலகை. ஓர் அம்மாளுடைய கல்லறை. இறந்த ஆண்டு 1931. குடும்பத்தார் ஆண்டுதோறும் வந்து சுத்தம் செய்து, பூப் போட்டு, எழுத்துக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்துவிட்டுப் போவார்களாம். அன்போடு செய்த வேலை, பார்த்தாலே தெரிந்தது. பெயிண்ட் பளபளவென்று இருந்தது.

சிறுமியும் பின்னாலேயே வந்துவிட்டாள். நான் கேட்காமலேயே உரக்கப் படித்தாள். கணவர் பெயரைப் படித்தாள். அடுத்த சொல்லில் தடுக்கினாள்.

“அவர்களின்… மனவி. தாத்தா, தப்பாக எழுதியிருக்கிறார்கள்.”

குனிந்து பார்த்தேன். பெயிண்டைப் படித்தால் ‘மனவி’தான். கீழே வேத வசனத்தில் ‘இருக்கிறர்’. எனக்கு மெய்சிலிர்த்தது. உளி தப்புச் செய்யவில்லை. தூரிகை விட்டுவிட்டிருக்கிறது. பழைய ‘னை’யின் தும்பிக்கை கல்லில் இருக்கிறது, பெயிண்ட் அடித்தவருக்கு அந்த வளைவு எழுத்தின் பகுதி என்று தெரியாததால், ஏதோ கீறல் என்று நினைத்து வெறும் னகரத்தை மட்டும் நிரப்பியிருக்கிறார். பழைய ‘றா’வில் கால் தனியாக இருக்காது. எழுத்தின் வாலையே கீழே இழுத்து வளைத்துச் சுழித்திருப்பார்கள். அந்தச் சுழியிலும் கறுப்பு ஏறவில்லை. தொண்ணூறு ஆண்டாக நிற்கிற கல், நாற்பத்தைந்து ஆண்டுக்குள் நாம் மறந்த எழுத்து.

அவளிடம் சொன்னால் நம்பமாட்டாள் என்று தோன்றியது. “உன் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்துத் தருவாயா, பாப்பா? பென்சிலும் வேண்டும்” என்றேன். நடுப்பக்கத்திலிருந்து, எதிர்ப்பக்கம் கழன்று வராதபடி, இரட்டைத் தாளாகவே எடுத்துக் கொடுத்தாள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குத்தான் இந்த நுணுக்கம் தெரியும்.

கல்லைக் கைக்குட்டையால் துடைத்தேன். தாளை விரித்து நான்கு மூலைகளிலும் அவர்களைப் பிடிக்கச் சொன்னேன். தாத்தா ஒரு பக்கம், பேத்தி ஒரு பக்கம். பென்சில் முனையால் எழுதாமல், பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டுக் கரியால் மெல்லத் தேய்த்தேன். அழுத்தினால் தாள் குழிக்குள் கிழியும். லேசாக, ஒரே சீராக, இடமிருந்து வலம். மேட்டில் கறுப்பு ஏறியது. குழிந்த இடம் வெள்ளையாக நின்றது. முதலில் ‘ம’ வந்தது. பிறகு னகரத்தின் உடம்பு. அதன் தலையில், பெயிண்ட் தொடாத இடத்தில், வெள்ளைக் கோடாக அந்த வளைவு மெல்ல மெல்ல எழுந்து வந்தது. பின்னாலேயே ‘வி’.

“வந்துவிட்டது! தாத்தா, வந்துவிட்டது!” என்று கத்தினாள். அவள் கை ஆடியதில் தாள் கொஞ்சம் நகர்ந்து, ‘வி’யின் கொக்கி இரட்டையாக விழுந்தது. பரவாயில்லை. எத்தனையோ ஆயிரம் புரூஃப் எடுத்திருக்கிறேன். கையில் மை படாமல், கரி படிந்து, இவ்வளவு நடுக்கத்தோடு ஒரு புரூஃபை நான் எடுத்ததே இல்லை. அச்சகத்தில் எடுக்கும் புரூஃப் நாம் செய்த தப்பைக் காட்டும். இது, கல் வெட்டியவர் தப்பே செய்யவில்லை என்று காட்டியது.

அவர் அந்தத் தாளை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். “இவ்வளவு வருடமாக நானும் மனவி என்றுதான் படித்துக்கொண்டிருந்தேன் ஐயா. கல்வெட்டியவர் படிக்காதவர் போலும் என்று நினைத்தேன்” என்றார். குரல் தாழ்ந்திருந்தது. ‘இருக்கிறார்’ உள்ள வரிக்கு இன்னொரு தாளில் இன்னொரு புரூஃப் எடுத்தோம். இந்த முறை அவரே பென்சிலைப் பிடித்தார். என்னைவிட நிதானமான கை. இரண்டு தாள்களையும் அவரிடமே கொடுத்தேன். அடுத்த முறை அந்தக் குடும்பத்தார் பெயிண்ட் டப்பாவோடு வரும்போது, தும்பிக்கையையும் சுழியையும் சேர்த்து நிரப்பும்படி காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவர் தாளை மடிக்காமல் சுருட்டி, தண்ணீர் படாதபடி பிளாஸ்டிக் பைக்குள் வைத்தார்.

இதைப் படிக்கிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்திலோ, கோயில் உபயக் கல்லிலோ, பள்ளிக்கூடத் திறப்புவிழாக் கல்லிலோ 1978க்கு முந்தைய எழுத்து இருந்தால், பெயிண்ட் அடிக்கும் முன்பு ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போங்கள். தாத்தா பாட்டி யாராவது இருந்தால் அவர்களையும் கூட்டிப்போங்கள். அவர்கள் பள்ளியில் அந்த எழுத்தைத்தான் எழுதினார்கள். அவர்கள் கைக்கு அது இன்னும் மறந்திருக்காது.

புறப்படும்போது சிறுமி என் கூடவே வாசல் வரை வந்தாள். எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

“தாத்தா, அப்படியென்றால் யானை என்று எழுதும்போது?”

எனக்கு அது தோன்றவே இல்லை. எத்தனை ஆண்டு அச்சுக்கோத்தேன், எத்தனை முறை அந்தச் சொல்லைக் கோத்திருப்பேன்! வேலியோரம் கடற்கரை மணல் படிந்து கிடந்தது. உட்கார்ந்து, விரலால் ‘யா’ எழுதினேன். பக்கத்தில் னகரம். பிறகு அதன் தலையிலிருந்து தும்பிக்கையைத் தூக்கி வளைத்தேன்.

அவள் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். முதல் யானைக்குத் தும்பிக்கை சிறியதாக இருந்தது. இரண்டாவதுக்கு வளைவு சரியாக விழுந்தது. மூன்றாவதுக்கு, தும்பிக்கையை ‘யா’வுக்கு மேலே வரைக்கும் கொண்டுபோனாள். மயிலாடுதுறை பஸ்ஸின் ஹாரன் சாலைப் பக்கம் கேட்டது. நான் எழுந்தபோது அவள் நான்காவதை எழுதிக்கொண்டிருந்தாள்.